முதல் குரோஷே கைப்பை: புதிதாகத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நுனியில் கொக்கியுள்ள ஊசியால் நூலைப் பின்னும் கலையே குரோஷே. அந்த ஊசியை முதன்முறையாகக் கையில் எடுப்பவர், சிறிய தோள்பை ஒன்றைப் பின்னி முடிக்கும்வரை எதிர்கொள்ளும் ஐயங்களுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. தெளிவுக்காக, 20 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் கொண்ட, மேலே மடிந்து மூடும் மடலும் நீண்ட வாரும் உடைய ஒரே பையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறோம். பை எடையைத் தாங்க வேண்டிய பொருள் என்பதை மனத்தில் கொண்டு படித்தால், கீழே சொல்லப்படும் பல முடிவுகளின் காரணம் தானாக விளங்கும்.

இதுவரை எதையும் பின்னியதில்லை. முதல் வேலையாகவே பையை எடுத்துக்கொள்ளலாமா?

தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். மேலாடை, குல்லாய், காலுறை போன்றவை உடலின் அளவோடு பொருந்த வேண்டியவை. அளவு கூடினாலும் குறைந்தாலும் சரியாகப் பொருந்தாமல் போகும். பைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதே வேளையில், கழுத்துத்துண்டு போன்ற நீண்ட வேலையைப் போலச் சலிப்பூட்டாமல், நேர்வரிசை பின்னுதல், ஓரம் கட்டுதல், இரு பக்கங்களை இணைத்தல், பொத்தான் துளை வைத்தல் என அடிப்படைத் திறன்கள் பலவற்றை ஒரே பொருளில் பழக வைக்கிறது. ஆனால் பைக்கென்று ஒரு நிபந்தனை உண்டு: பின்னல் நெருக்கமாக இருக்க வேண்டும். தளர்வாகப் பின்னிய பை உள்ளே வைத்த பொருளின் எடையால் நாளுக்கு நாள் தொங்கிக்கொண்டே போகும்.

எந்த நூல் பொருத்தமானது?

முதல் பைக்குப் பருத்தி நூலையே பரிந்துரைக்கிறேன். அக்ரிலிக் நூல் மென்மையானது, எடை குறைந்தது, எளிதில் கிடைக்கக்கூடியது. ஆனால் இழுபடும் தன்மை அதில் கூடுதல், உராயும் இடங்களில் சிறு உருண்டைகளாகப் பஞ்சு திரண்டுவிடும். பருத்தி அவ்வளவு எளிதில் இழுபடாது, கண்ணிகளும் (ஊசியால் ஒவ்வொன்றாகப் பின்னும் பின்னல் அலகுகள்) தெளிவாகத் தெரியும். மெர்சரைஸ்டு காட்டன் எனப்படும் பளபளப்பான வகை, காஸ்டிக் சோடா கரைசலில் பதப்படுத்தப்பட்டதால் வலுவும் மினுமினுப்பும் கூடியது. எனினும் ஊசியில் சற்று வழுக்கும் என்பதால் கை பழகிய பிறகு அதற்கு மாறுவது நல்லது.

சணல் கயிறு, நைலான் கயிறு, டி-ஷர்ட் துணியைக் கீற்றாக வெட்டிச் செய்த நூல் ஆகியவற்றில் அழகான பைகள் உருவாகின்றன. ஆனால் சணல் விரல்களை உராய்ந்து நோகச் செய்யும். டி-ஷர்ட் நூலால் பின்னிய பை தன் எடையிலேயே இழுபடும். நைலானின் முனைகள் எவ்வளவு செருகினாலும் நழுவி வெளியே வரும். இவை இரண்டாவது, மூன்றாவது பைக்கு உரியவை.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறங்களில் கண்ணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குப் புலப்படாது. ஒரே நிறமுள்ள, முறுக்கு நன்றாகத் தெரிகிற, மயிர்ப்பிசிர் இல்லாத வெளிர்நிற நூலை எடுத்தால் கற்றல் பாதியாக எளிதாகும்.

லேபிளில் 5 மி.மீ. ஊசி என்று போட்டிருக்கிறது. பைக்கும் அதையே பயன்படுத்த வேண்டுமா?

வேண்டாம். லேபிளில் குறிப்பிடப்படும் ஊசி அளவு, பெரும்பாலும் மென்மையாக மடிந்து விழும் துணிப்பதத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. பைக்கு வேண்டியது அதற்கு நேர்மாறான விறைப்பு. ஆகவே லேபிளில் 5 மி.மீ. என்றிருந்தால் 4 மி.மீ. ஊசியை எடுங்கள். நம் எடுத்துக்காட்டுப் பை அப்படித்தான் திட்டமிடப்பட்டுள்ளது. ஊசி நுழையவே மறுக்கும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால் 4.5 மி.மீ. ஊசிக்கு மாறலாம், முடிந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது துளைகள் பளிச்சென்று தெரிந்தால் இன்னும் சிறிய ஊசி தேவை என்று பொருள்.

ஊசியின் அளவை எப்போதும் மில்லிமீட்டரில் பாருங்கள். 4 மி.மீ. ஊசிக்கு அமெரிக்கக் குறியீடு ஜி-6, பழைய பிரிட்டிஷ் எண் 8, ஜப்பானிய எண் 7/0. அதிலும் பழைய பிரிட்டிஷ் முறையில் எண் பெரிதாகப் பெரிதாக ஊசி சிறிதாகும். எண்ணை மட்டும் நம்பி வாங்கினால் முற்றிலும் வேறான ஊசி கைக்கு வந்துவிடக்கூடும்.

எவ்வளவு நூல் தேவைப்படும்?

நடுத்தரத் தடிமனுள்ள பருத்தி நூலில் இந்தப் பைக்கும் வாருக்கும் சேர்த்து ஏறத்தாழ 100 கிராம் செலவாகும். ஆயினும் 50 கிராம் நூற்கண்டுகள் மூன்றை ஒரே நேரத்தில் வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. மூன்றின் லேபிளிலும் சாயத் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே நிறப்பெயர் கொண்ட நூலும், வேறு தொகுதியில் சாயமேற்றப்பட்டிருந்தால், பையின் நடுவே ஒரு கோடு போட்டதுபோல வேறுபாட்டைக் காட்டிவிடும்.

நூலைத் தவிர, மழுங்கிய முனையும் பெரிய காதும் உள்ள ஊசி, கத்தரிக்கோல், அளவுநாடா, கண்ணிகளைக் குறித்து வைக்கச் சில ஊக்குகள், ஏறத்தாழ 1.5 செ.மீ. முதல் 2 செ.மீ. விட்டமுள்ள பொத்தான் ஒன்று ஆகியவை போதும்.

எத்தனை வகைக் கண்ணிகளைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

மூன்றே மூன்று: செயின், சிங்கிள் குரோஷே, ஸ்லிப் ஸ்டிச்.

நூலில் ஒரு சுருக்கு முடிச்சு இட்டு, அதை ஊசியில் ஏற்றி, ஊசியின்மேல் நூலைச் சுற்றி அந்த வளையத்தின் வழியே இழுத்தால் ஒரு செயின் உருவாகும். இதைத் தொடர்ந்து செய்தால் சங்கிலி நீளும். பின்னல் முழுவதும் அதன்மேல்தான் எழுகிறது.

சிங்கிள் குரோஷே பின்ன, முந்தைய வரிசைக் கண்ணியின் தலைப்பில் படுத்த ‘வி’ வடிவில் தெரியும் இரண்டு இழைகளுக்கும் அடியில் ஊசியை நுழையுங்கள். நூலைச் சுற்றி இந்தப் பக்கம் இழுங்கள். ஊசியில் இப்போது இரண்டு வளையங்கள் இருக்கும். மீண்டும் நூலைச் சுற்றி, இரண்டு வளையங்களின் வழியாகவும் ஒன்றாக இழுங்கள். இவ்வளவுதான். உயரம் குறைந்த, அடர்த்தியான கண்ணி என்பதால் பைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. இதைவிட உயரமான கண்ணியான டபுள் குரோஷே வேகமாக உயரும். ஆனால் கண்ணிகளுக்கிடையே உள்ள இடைவெளியில் சாவியும் நாணயமும் எட்டிப்பார்க்கும்.

ஸ்லிப் ஸ்டிச் என்பது ஊசியை நுழைத்து, நூலைச் சுற்றி, எல்லா வளையங்களின் வழியாகவும் ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவருவது. உயரம் சேர்க்காமல் விளிம்பை உறுதிப்படுத்த இது உதவும்.

தொடக்கத்தில் பெரும்பாலோருக்கு ஏற்படும் சிக்கல் அளவுக்கு மீறிய இறுக்கம். கண்ணிகளை ஊசியின் கொக்கியை ஒட்டிய ஒடுங்கிய கழுத்துப்பகுதியில் உருவாக்காமல், அதற்கு அடுத்துள்ள முழுத் தடிமனான தண்டின்மேல் அமர்த்தினால், ஒவ்வொரு கண்ணியும் ஒரே அளவில் வரும். அடிச்சங்கிலி மட்டும் இறுகிவிடுகிறது என்றால், அதை மட்டும் அரை மில்லிமீட்டர் பெரிய ஊசியால் போட்டுவிட்டு, முதல் வரிசையிலிருந்து பழைய ஊசிக்குத் திரும்பலாம்.

ஒரே செய்முறையை இரண்டு இடங்களில் வேறு பெயர்களோடு பார்க்கிறேன். எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே எனப்படுவதே பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே எனப்படுகிறது. அமெரிக்கர்களின் டபுள், பிரிட்டிஷாருக்கு டிரெபிள். ஒரு செய்முறையில் ‘சிங்கிள் குரோஷே’ என்ற பெயர் இருந்தால் அது அமெரிக்க முறை என்று பெரும்பாலும் கொள்ளலாம், ஏனெனில் பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயர் வழக்கத்தில் இல்லை. இந்தப் பக்கம் முழுவதும் அமெரிக்கப் பெயர்களையே பின்பற்றுகிறது.

மாதிரித் துண்டு பின்னிப் பார்ப்பது அவசியமா? நேரம் வீணாகாதா?

பைக்கு அளவு முக்கியமில்லை என்பதால் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். ஆனால் மாதிரித் துண்டு சொல்வது அளவை மட்டுமன்று. பின்னல் போதிய விறைப்போடு இருக்கிறதா, நூல் சாயம் விடுகிறதா, துவைத்தால் சுருங்குகிறதா என்பவற்றையும் சொல்கிறது. 12 செ.மீ. சதுரம் ஒன்றைப் பின்னி, நனைத்து, காயவைத்து, அதன் நடுவில் 10 செ.மீ. தூரத்துக்குள் எத்தனை கண்ணிகள், எத்தனை வரிசைகள் வருகின்றன என்று எண்ணுங்கள். பிறகு அதன் இரு முனைகளையும் பிடித்து இழுத்து விடுங்கள். உடனே பழைய வடிவுக்குத் திரும்பினால் பைக்கு ஏற்றது. நீண்டபடியே நின்றால் ஊசியை மாற்ற வேண்டும். முதல் நாள் பயிற்சியாகவும் இதுவே அமைந்துவிடுவதால் நேரம் வீணாவதில்லை.

கண்ணிகளின் எண்ணிக்கையை எப்படிக் கணக்கிடுவது?

10 செ.மீ.க்கு 16 கண்ணிகளும் 18 வரிசைகளும் வருவதாகக் கொள்வோம். 20 செ.மீ. அகலத்துக்கு 32 கண்ணிகள். அடிச்சங்கிலியில் திரும்புவதற்கென ஒன்று கூட்டி 33 செயின் போட்டு, ஊசியிலிருந்து எண்ணி இரண்டாவது செயினில் முதல் சிங்கிள் குரோஷேயைத் தொடங்கினால், வரிசையில் 32 கண்ணிகள் கிடைக்கும்.

முன்பக்கம் 15 செ.மீ., பின்பக்கம் 15 செ.மீ., மடல் 10 செ.மீ. ஆக 40 செ.மீ. நீளமுள்ள ஒரே நீள்சதுரம் வேண்டும். அதாவது 27, 27, 18 என மொத்தம் 72 வரிசைகள். 27ஆம் வரிசையின் முடிவிலும் 54ஆம் வரிசையின் முடிவிலும் ஓர் ஊக்கைக் கோத்து வைத்தால் பிறகு மடிக்க வேண்டிய இடம் தெரியும். பொத்தான் துளைக்காக 70ஆம் வரிசையில் 15 கண்ணிகள் பின்னி, 2 செயின் போட்டு, கீழுள்ள 2 கண்ணிகளைத் தாண்டி, மீதி 15 கண்ணிகளைப் பின்னுங்கள். அடுத்த வரிசையில் அந்தச் செயின்களின்மேல் 2 சிங்கிள் குரோஷே பின்னினால் எண்ணிக்கை மீண்டும் 32 ஆகிவிடும்.

உங்கள் மாதிரித் துண்டில் வேறு எண்ணிக்கை வந்திருந்தால், அதை அப்படியே இந்தக் கணக்கில் இட்டுக்கொள்ளுங்கள்.

நேராகத் தொடங்கிய துண்டு மேலே போகப்போகக் குறுகிக்கொண்டே வருகிறது. ஏன்?

புதியவர்கள் கேட்கும் கேள்விகளில் இதுவே முதலிடம் பெறுவது. ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியையோ கடைசிக் கண்ணியையோ நீங்கள் அறியாமல் விட்டுவிடுகிறீர்கள் என்பதே காரணம். வரிசை முடிந்ததும் 1 செயின் போட்டுத் துண்டைத் திருப்புகிறோம். சிங்கிள் குரோஷேயில் அந்தச் செயின் ஒரு கண்ணியாகக் கணக்கில் சேராது. ஆகவே ஊசிக்கு நேர் அடியிலுள்ள முதல் கண்ணியிலேயே பின்னத் தொடங்க வேண்டும். அந்த முதல் கண்ணி சற்றே ஒடுங்கிக் கிடப்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. கடைசிக் கண்ணியும் ஓரத்தில் மடிந்து மறைந்துகொள்ளும். மாறாக, துண்டு அகலமாகிக்கொண்டே போனால், திரும்பும் செயினிலும் ஒரு கண்ணியைப் பின்னிவிடுகிறீர்கள்.

இதற்கு நம்பகமான வழி, ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியையும் பின்னியவுடனே அதில் ஓர் ஊக்கைக் கோத்துவிடுவது. அடுத்த வரிசையில் திரும்பி வரும்போது அந்த ஊக்கு உள்ள கண்ணியே கடைசிக் கண்ணி. முதல் பத்து வரிசைகளிலாவது, ஒவ்வொரு வரிசை முடிந்ததும் 32 இருக்கிறதா என்று எண்ணிவிட்டு மேலே செல்லுங்கள். எண்ணுவதைத் தொல்லையாக நினைக்க வேண்டாம். இருபது வரிசைகளுக்குப் பின் பிழை கண்டுபிடித்து அத்தனையையும் பிரிப்பதைவிட அது மிகச் சிறிய உழைப்பு.

தவறு நேர்ந்தால் பிரித்துவிடலாமா?

தயங்காமல் பிரிக்கலாம். குரோஷேயில் எந்த நேரத்திலும் திறந்திருப்பது ஒரே ஒரு வளையம்தான். ஊசியை உருவி நூலை மெதுவாக இழுத்தால், கண்ணிகள் வந்த வழியே ஒவ்வொன்றாகத் திரும்பும். தவறு நேர்ந்த இடத்தில் நிறுத்தி, ஊசியைச் செருகித் தொடரலாம்.

பக்கங்களை எப்படி இணைப்பது?

மடிப்பதற்கு முன், அடிச்சங்கிலி உள்ள விளிம்பில் ஒரு வரிசை ஸ்லிப் ஸ்டிச் போட்டுவிடுங்கள். அதுவே பையின் வாய்ப்பகுதியாக அமையப்போகிறது. அடிக்கடி கை நுழையும் அந்த இடம் விரிந்துபோகாமல் இது காக்கும். பிறகு 27ஆம் வரிசையில் குறித்த ஊக்கின்படி துண்டை மடித்து, முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வைத்து ஊக்குகளால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கீழ் மூலையில் தொடங்கி, இரண்டு அடுக்குகளின் வழியாகவும் ஊசியை நுழைத்து, வரிசைக்கு ஒன்றாக 27 சிங்கிள் குரோஷே பின்னி மேலே வாருங்கள். வாய்ப்பகுதி வந்ததும் நூலை அறுக்காமல், மடலின் ஓரத்தில் 18, முதல் மூலையில் 3, மடலின் விளிம்பில் 30, அடுத்த மூலையில் 3, மறு ஓரத்தில் 18 என்று சுற்றிவந்து, மறுபக்கத்தின் 27 கண்ணிகளோடு அடியில் முடியுங்கள். மூலைகளில் மூன்று கண்ணிகள் வைப்பதால் மடல் சுருண்டுகொள்ளாமல் தட்டையாகப் படியும். இணைத்த தடம் வெளியே ஒரு மெல்லிய வரம்பாகத் தெரியும்; மறைக்கத் தேவையில்லாத அழகு அது என்றே கருதுகிறேன்.

பொத்தானைத் துளைக்கு நேரே உள்ள இடத்தில், பின்னலின் உட்புறம் ஒரு சிறு துணித்துண்டையோ இன்னொரு சிறு பொத்தானையோ வைத்துச் சேர்த்துத் தையுங்கள். இல்லையெனில் பொத்தான் ஒரே கண்ணியைப் பிடித்திழுத்து அங்கே துளை உண்டாக்கிவிடும்.

நூற்கண்டு நடுவில் தீர்ந்துபோனால்?

வரிசையின் நடுவில் மாற்றாமல் ஓரத்தில் மாற்றுங்கள். கடைசிக் கண்ணியின் இறுதி இழுப்பைப் புதிய நூலால் செய்தால் மாற்றம் தெரியாது. இரண்டு நூல்களிலும் 15 செ.மீ. முனை விட்டுவையுங்கள். மழுங்கிய ஊசியில் அந்த முனையைக் கோத்து, ஒரு திசையில் சில கண்ணிகளுக்குள் செருகி, திரும்பி எதிர்த்திசையில் செருகி, மூன்றாவது முறையும் திசை மாற்றிய பிறகே வெட்டுங்கள். முடிச்சை மட்டும் நம்பக் கூடாது. எடை இழுக்க இழுக்க அது அவிழும் அல்லது வெளிப்பக்கம் துருத்தும்.

வார் நீண்டுகொண்டே போகிறதே?

எடை முழுவதும் குறுகலான ஒரு பட்டையின்மேல் விழுவதால் இது பையின் மிக வலுவற்ற இடம். நான்கைந்து கண்ணிகள் அகலத்தில் முன்னும் பின்னுமாக நூற்றுக்கணக்கான குறுவரிசைகளைப் பின்னிச் செய்யும் வார் மிகுதியாக இழுபடும். அதற்குப் பதில், வாரின் முழு நீளத்துக்கும் சங்கிலி போட்டு, நீளவாக்கில் சில வரிசைகள் மட்டும் பின்னுங்கள். 120 செ.மீ. நீள வார் வேண்டுமென்றால் 110 செ.மீ.க்குக் கணக்கிட்டு 177 செயின் போட்டு, 176 கண்ணிகள் கொண்ட மூன்று வரிசைகள் சிங்கிள் குரோஷே பின்னி, பின்னர் நான்கு ஓரங்களையும் சுற்றி ஸ்லிப் ஸ்டிச் போட்டு முடியுங்கள். குறைத்து வைத்த 10 செ.மீ. நீளத்தைப் பயன்பாடு தானே ஈடுசெய்துவிடும்.

வாரின் முனைகளை வாய்விளிம்பில் மட்டும் ஒட்டவைத்தாற்போலத் தைக்காமல், பக்கத் தையலின் உட்புறமாகக் குறைந்தது 3 செ.மீ. கீழிறக்கிச் சதுரமாகத் தையுங்கள். தண்ணீர்ப்புட்டி, புத்தகம் போன்ற எடையான பொருள்களை எடுத்துச் செல்வதாக இருந்தால், வாரின் அடிப்புறத்தில் நெய்த பருத்திப் பட்டை ஒன்றை முழு நீளத்துக்கும் வைத்துத் தைப்பதே நிலையான தீர்வு.

வட்டமான அடிப்பகுதி கொண்ட பை பின்ன முடியுமா?

முடியும், ஆனால் நீள்சதுரப் பை ஒன்றை முடித்த பிறகு முயலுங்கள். 6 சிங்கிள் குரோஷேயோடு தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் சம இடைவெளியில் 6 கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்: 6, 12, 18, 24 என்று. ஒரே கண்ணியில் இரண்டு முறை பின்னுவதே கூட்டுதல். வட்டம் கிண்ணம்போலக் குழிந்தால் கூட்டியது போதவில்லை. விளிம்பு அலையலையாக நெளிந்தால் கூட்டியது அதிகம். 60 கண்ணிகள் வந்ததும் ஏறத்தாழ 12 செ.மீ. விட்டமுள்ள அடி கிடைக்கும். அடுத்த சுற்றில், கண்ணியின் தலைப்பிலுள்ள இரு இழைகளில் பின்னிழையை மட்டும் எடுத்து, கூட்டாமல் பின்னினால், அடியும் சுவரும் சந்திக்கும் இடத்தில் தெளிவான மடிப்பு விழும். அதன்பின் கூட்டாமலேயே வேண்டிய உயரம்வரை சுற்றிச் சுற்றிப் போகலாம்.

உள்துணி தைப்பது கட்டாயமா?

கட்டாயமில்லை, ஆயினும் பையின் ஆயுளை நீட்டிக்கும். நெய்த பருத்தித் துணியைப் பையின் உள்ளளவைவிட இம்மியளவு சிறியதாக வருமாறு, தையலுக்கென எல்லாப் பக்கமும் 1 செ.மீ. விட்டு வெட்டுங்கள். உள்துணி சிறியதாக இருந்தால் எடை அதன்மேல் தங்கும். பெரியதாக இருந்தால் துணி சும்மா தொங்க, எடை மீண்டும் பின்னலின்மேலேயே விழும். துணியை வெட்டுமுன் ஒருமுறை நனைத்துக் காயவைக்க மறக்க வேண்டாம்.

நான் இடதுகைப் பழக்கம் உள்ளவர். வலதுகையால்தான் பின்ன வேண்டுமா?

இல்லை. ஊசியை இடக்கையிலும் நூலை வலக்கையிலும் பிடித்து, வலமிருந்து இடமாகச் செல்லும் வரிசையை இடமிருந்து வலமாகப் பின்னினால் போதும். காணொளிகளைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வைத்துப் பார்த்தால் கையசைவு அப்படியே பொருந்தும். மேலே தந்த எண்ணிக்கைகளில் எந்த மாற்றமும் தேவையில்லை.

சிறிது நேரத்திலேயே மணிக்கட்டும் கட்டைவிரலும் வலிக்கின்றன. என்ன செய்வது?

நெருக்கமான பின்னல் கைக்குச் சற்றுக் கடினமானதே. ஊசியைப் பேனாவைப் போலப் பிடிப்பதும் கத்தியைப் போலப் பிடிப்பதும் இரண்டுமே சரியான முறைகள். ஒன்றில் வலித்தால் மற்றதை முயன்று பாருங்கள். தடித்த ரப்பர்ப் பிடியுள்ள ஊசி பெரிதும் உதவும். அரைமணி நேரத்துக்கொரு முறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரித்து மடக்குங்கள். விரல்களில் மரத்துப்போதல் தொடர்ந்தால் பின்னுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பையை எப்படித் துவைப்பது?

குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புக் கரைசலில் ஊறவைத்து, கையால் அமுக்கிக் கழுவுங்கள். முறுக்கிப் பிழியாமல், ஒரு துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். ஈரமான பருத்தி கனக்கும் என்பதால், வாரைக் கொடியில் மாட்டித் தொங்கவிடக் கூடாது. வடிவத்தைக் கையால் சரிசெய்து, தட்டையான இடத்தில் நிழலில் காயவைத்து, பாதி காய்ந்ததும் ஒருமுறை திருப்பிப் போடுங்கள்.